கட்டத்துக்குள் இருந்த சீன எழுத்து

பாய்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் மெஸ் வாசலில் இத்தனை வருஷமாகச் சீன எழுத்து என்று நான் காட்டி வந்தது வெறும் காலிக் கட்டங்கள். இன்று காலை பெயின்டர் அதை அழித்துக்கொண்டிருக்கிறார். டர்பன்டைன் வாசனை கல்லா வரைக்கும் வருகிறது. கூடவே உன் சிரிப்பும் காதில் கேட்கிறது.

நீ செங்கல்பட்டில் ஜெராக்ஸ் கடையும் கம்ப்யூட்டருமாக இருந்தவன். நான் மாமல்லபுரத்தில் மீன் வறுப்பவன். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு என்னைப் பிழைத்துப் போ என்று விட்டுவிட்டது. சுற்றிப் பார்க்க வந்த சீனக்காரர்கள் என் வஞ்சிரத்தை மெச்சியதும், எனக்கொரு வெப்சைட் போட்டுத் தந்தாய். அவர்களில் ஓர் அம்மா மெயிலில் அனுப்பிய வரியையும் அதில் ஏற்றினாய்: 'பசிக்கிறதா? வந்து உட்காருங்கள்.' உன் திரையில் அது கட்டம் கட்டமாக வந்தது. சீனம் இப்படித்தான் இருக்கும்போல என்று, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், அதையே போர்டில் எழுத வைத்தேன்.

நீ வந்து அண்ணாந்து பார்த்தாய்.

"அண்ணாத்த, இன்னா இது? ஜன்னலுக்கு அளவு போட்டு வெச்சிகீறியா?"

"உன் வெப்சைட்ல கீறதத்தான் பாய் எழுத வெச்சேன்."

சிரித்துச் சிரித்து ஸ்டூலோடு சாய்ந்தாய். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "எழுத்து உள்ள பத்திரமா கீது. இந்த சாப்ட்வேர் கெழடு, அதுக்குக் காட்டத் தெரியல. புதுசு போட்டா வரும்."

"சமாளிக்காத பாய்" என்றேன். போர்டையும் மாற்றவில்லை. சாப்பிட வந்த சீனக்காரர்களும் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நீ புதுசு போடுவதைத் தள்ளிக்கொண்டே போனாய். நடுவில் நீயே போய்விட்டாய்.

இப்போது ஜெராக்ஸ் கடையைப் பார்ப்பது உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி. போன வாரம் கூப்பிட்டாள். பழைய கம்ப்யூட்டர் இனித் தாங்காது, எல்லாவற்றையும் புது சாப்ட்வேருக்கு மாற்றியே ஆகவேண்டும் என்றாள். குரல் சரியில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வெப்சைட்டின் அடியில் நீ எழுதிய வரி அப்படியே இருந்தது: 'காரம் அதிகமென்றால் என்னிடம் சொல்லுங்கள். அண்ணாத்தையிடம் சொன்னால் இன்னும் போடுவார்.'

"மாத்திட்டா பழையபடி வராதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுண்ணே. மொத்தமும் போயிட்டா? அவரு பேசுற மாதிரியே கீறது இது ஒண்ணுதான்."

"பாயே திரும்பி வரல, இது இன்னா பெருசு? அழுத்தும்மா" என்றேன் வீராப்பாக.

அழுத்தினாள். திரை வெளுத்தது. அப்படியே கிடந்தது. முதலில் உன் வரி வந்தது, ஓர் எழுத்து குறையாமல். அதற்கு மேலே, கட்டங்கள் நின்ற இடத்தில், கூரையும் காலுமாகச் சீன எழுத்து எழுந்து நின்றது! நீ அன்று ஏற்றியதேதான். புதிதாக யாரும் ஒன்றும் தட்டவில்லை. தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்: "பாய், கெலிச்சிட்ட!"

'உள்ள பத்திரமா கீது' என்று இப்போதெல்லாம் நான்தான் ஊருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன் பேரைச் சொல்வதில்லை, என் சொந்தச் சரக்கு என்றே விடுகிறேன்.

நேற்று மதியம் ஒரு சீனக் குடும்பம் வந்தது. செல்போனில் அந்த வரியைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் சைவம். தயிர் சாதம் போட்டேன்.