பி விங் மீட்டர் பெட்டியின் கதவு

நிக்டி, புனே
ஞாயிறு சாயங்காலம்

சிரஞ்சீவி ஹரீஷுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம், அப்பாவின் புத்தியைப் பற்றிக் கீழே எழுதியிருக்கேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருப்பேன்னு நம்பறேன். கால்கரியில் இப்போ குளிர் விட்டிருக்கும். போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு கேட்பே. போனில் ரெண்டாவது நிமிஷமே "விடும்மா, உனக்கு எதுக்கு ஊர் வம்பு"ன்னு சொல்லிடறே. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அடம்பிடிச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்ததுக்கு இன்னிக்காவது பலன் கிடைக்கட்டும், எழுத்துக் கூட்டியாவது கடைசி வரைக்கும் படி.

நம்ம பி விங் பார்க்கிங்கில், மாடிப்படிக்குப் பக்கத்தில் பதினாறு வீட்டு மீட்டரும் இருக்கிற இரும்பு அலமாரி உனக்கு ஞாபகம் இருக்கும். ஜனவரியில் மூணாம் மாடி தேஜஸ் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது அந்தக் கதவில் மோதிட்டான். ஹிஞ்சவடியில் பெரிய வேலையாம், பின்னாடி இருக்கிறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது போல. ஒரு கீல் பிய்ந்து, தகடு உள்பக்கமா மடங்கிடுச்சு. நான் காய்கறிப் பையோட அங்கேதான் நின்னேன். "கதவுதானே ஆன்ட்டி, மீட்டர் ஓடுதே"ன்னான். தன் காரில் விழுந்த கீறலை மட்டும் மூணு தடவை தடவிப் பார்த்துட்டு மாடிக்குப் போயிட்டான். அடுத்தது நம்ம செக்ரட்டரி சுனில், எந்த வேலையையும் செய்யாம இருக்கிறதையே ஒரு பதவியா நடத்தற மனுஷர். போன வருஷக் கணபதி விழாவுக்கு அடிச்ச ஃப்ளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து, மடங்கின கதவு மேல போட்டு மறைச்சு, நைலான் கயிறால கட்டிவிட்டார். பேனரில் அவரே கைகூப்பிச் சிரிச்சுக்கிட்டு நிக்கறார். பதினாறு வீட்டு மின்சாரத்துக்கு அந்த மூஞ்சிதான் காவல். முப்பத்தொரு வருஷம் ஸ்கூலில் பிசிக்ஸ் எடுத்தவள் நான், மடங்கின தகடு கேபிளை உரசுது, மழைத் தண்ணி இறங்கினா ஆள் போயிடும்னு படம் போட்டு மூணு லெட்டர் கொடுத்தேன். "ஹோ ஜாயேகா மேடம், எல்லாம் ஆயிடும், மூணு கொட்டேஷன் வரணும், அப்புறம் மீட்டிங் வைக்கணும்"னார். கமிட்டியில் உங்கப்பாவும் ஒரு மெம்பர், அவரும் தலையை ஆட்டினார். ஆட்டத் தெரிஞ்ச ஒரே காரணத்துக்காகத்தான் அவரைச் சேர்த்துக்கிட்டாங்கன்னு எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்.

ஜூன் ரெண்டாவது வாரம் மழை சாய்வா அடிச்சு ஊத்தினதில் அந்தப் பேனர் கிழிஞ்சு தொங்கிச்சு. நம்ம படியெல்லாம் பெருக்கித் துடைக்கிற ரீனா, நீ போனதுக்கப்புறம் வந்தவள், சோலாப்பூர்ப் பக்கம், ரெண்டு பெண் குழந்தைகளை வெச்சுக்கிட்டுத் தனியா இருக்கா. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அலமாரிக்கு முன்னாடி ஈரத்துணியோட குனிஞ்சு துடைக்கும்போது முழங்கை தகட்டில் பட்டுடுச்சு. ஷாக் அடிச்சுத் தூக்கி எறிஞ்சதில் படியில் போய் விழுந்தா. உள்ளங்கை கருகி, வலது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. பக்கத்து விங் ஆட்கள் ஆட்டோ பிடிச்சு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மின்சார ஆபீஸிலிருந்து ஆள் வந்து லைனை நிறுத்தி, தோல் உரிஞ்ச கேபிளை மாத்திட்டு, கதவு போடாம விட்டா இனி நாங்க பொறுப்பில்லைன்னு திட்டிட்டுப் போனார். ரெண்டு நாள் கழிச்சு லிஃப்ட் பக்கத்தில் மராத்தியில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தது. துப்புரவுப் பெண்ணோட கவனக்குறைவால மீட்டர் பெட்டிக் கதவு உடைஞ்சதாம், அதனால அவளை வேலையை விட்டு நிறுத்தறாங்களாம். கீழே மூணு கையெழுத்து. மூணாவது பரமசிவம், சாட்சாத் உங்கப்பா.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "மராத்தி எனக்கு அவ்வளவா வாசிக்க வராதே, சுனில் நீட்டினான், போட்டேன்"னு பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா வெச்சுக்கிட்டார். நாப்பது வருஷம் இந்த ஊர்ச் சோத்தைத் தின்னவர், சிஞ்ச்வட் ஃபேக்டரியில் நூறு பேரை வேலை வாங்கினவர், வாசிக்க வராதாம். நான் காபியை வெச்சுட்டுப் போயிட்டேன். மறுநாள் சிஞ்ச்வட்டில் ஃபேப்ரிகேஷன் கடை வெச்சிருக்கிற முகமது ரஃபீக்கைப் போய்ப் பார்த்து அளவெடுக்கக் கூட்டிட்டு வந்தேன். ஆங்கிள் ஃப்ரேம், கனமான தகடு, ரீடிங் எடுக்கக் கண்ணாடி, ஓரத்தில் ரப்பர், மேலே தண்ணி வழிய ஒரு மடிப்பு. கதவுக்குத் தனியா எர்த் வயர் வேணும்னேன். "இருபது வருஷத்தில் கதவுக்கு எர்த் கேட்ட முதல் ஆள் நீங்கதான் மேடம்"னார். இந்த விவகாரத்தில் நான் பார்த்தவங்களில் தன் தொழில் தெரிஞ்ச ஒரே மனுஷர் அவர்தான். எலெக்ட்ரீஷியனை வெச்சு லைனை அணைச்சு, ஒரே மத்தியானத்தில் மாட்டிட்டுப் போயிட்டார்.

அவ்வளவுதான், ஆறு மாசமாத் தூங்கின கமிட்டி எழுந்து உட்கார்ந்தது. அனுமதி இல்லாம கதவு போட்டதுக்காக என்னை விசாரிக்க, போன ஞாயிறு பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங். சுனில் விதிமுறை வாசிச்சார். ஒருத்தி கதவோட கலர் சுவருக்குப் பொருந்தலைன்னா. ஒரு பொம்பளையோட கை வெந்துபோயிருக்கு, இவளுக்குக் கலர். தேஜஸ் தலை நிமிராம போனைத் தடவிக்கிட்டு இருந்தான். நான் எழுந்து, ஜனவரியில் கதவை இடிச்சது யாருன்னு பேர் சொன்னேன். அப்புறம் இன்னொண்ணும் சொன்னேன் ஹரீஷ், அதை அதுவரைக்கும் உன்கிட்டேகூடச் சொல்லலை. அந்தச் செவ்வாய்க்கிழமை ரீனா அந்த மூலையை விட்டுட்டுத்தான் போனா. "அங்கே சேறா கிடக்கு, அதையும் துடைச்சுட்டுப் போ"ன்னு கூப்பிட்டது நான். படம் போட்டு மூணு லெட்டர் எழுதின அதே மகராசிதான். ஆபத்துன்னு இத்தனை பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் நல்லாத் தெரியும், தெரிஞ்சே அவளை அனுப்பினேன். இதைச் சொல்லிட்டு, லிஃப்ட் பக்கத்திலிருந்து பிச்சு எடுத்துட்டு வந்திருந்த சர்க்குலரை உங்கப்பா கையில் கொடுத்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிங்கன்னேன்.

எழுந்தார். அப்புறம் வாசிச்சார், ஒரு எழுத்துத் தடுக்கலை, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி கடைசி வரை. வாசிச்சு முடிச்சு, "இது பொய். நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். என் பேரை அடிச்சிடுங்க"ன்னு மராத்தியிலேயே சொல்லிட்டு உட்கார்ந்தார். சர்க்குலரை வாபஸ் வாங்கிட்டாங்க, ரீனாவுக்கு வேலை உண்டு, கை சரியாகிற வரைக்கும் சம்பளமும் உண்டு. தேஜஸ் லிஃப்டில் என்னைப் பார்த்தா இப்போ படியேறிப் போறான், உடம்புக்கு நல்லதுதான்.

நேத்து ரீனா குடியிருக்கிற இடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். பரவாயில்லைன்னு சொல்லுவாள்னு உள்ளுக்குள்ள எதிர்பார்த்துத்தான் போயிருக்கேன், அது அப்போதான் எனக்கே புரிஞ்சது. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வெச்சுக்கிட்டு, "வேலைக்கு வரேன் காகூ, ஆனா உங்க மாடியை மட்டும் இனிமே நான் துடைக்க மாட்டேன்"னா. சரின்னுட்டு வந்தேன். இன்னிக்குக் காலையில் நம்ம மாடியை உங்கப்பா துடைச்சார், நான் தண்ணி ஊத்தினேன்.

வேலை வேலைன்னு ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. போன தடவை உன் பாத்ரூம் ஸ்விட்ச் சூடாகுதுன்னு சொன்னியே, வீட்டுக்காரர் வரட்டும்னு காத்திருக்காம இந்த வாரமே ஆள் கூப்பிட்டுப் பார்த்துடு, அதுவரைக்கும் அதைத் தொடாதே. அப்பா உனக்கு ஆசிகள் சொல்லச் சொல்லலை, நானே அவர் சார்பிலும் சேர்த்துச் சொல்லிடறேன். எல்லா நலனும் பெற்று, நிமிர்ந்து நடந்து, நீண்ட ஆயுளோட இரு.

உன் அம்மா,
மங்கையர்க்கரசி