ஜாக்சன் பணியில் இருக்கிறான்

4.3.2024, திங்கள்
கிருஷ்ணகிரி வீட்டைக் காலிசெய்து இன்று ஓசூர் வந்து சேர்ந்தேன். இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கம்பெனிப் பேருந்துகள். சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தது, திருத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் நாராயணம்மா. தெலுங்கு பாதி, தமிழ் பாதியாகப் பேசுகிறார். "ஒண்டி ஆளுக்கு வீடு குடுக்கறதில்லீங்க சார். உடம்புக்கு ஒண்ணுன்னா நாங்க யாருக்குப் போன் பண்றது? கூட யாருமே இல்லீங்களா?"

"மகன் இருக்கிறான். ஷிஃப்ட் வேலை. வந்துபோவான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஜாக்சன் இறந்து ஐந்து மாதமும் சில நாட்களும் ஆகின்றன. நாட்களை எண்ணவில்லை.

தரகர் மோகன்குமார் இருவருடைய ஆதார் ஜெராக்ஸும் கேட்டார். என்னுடையதன் குறுக்கே 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று எழுதி, கையொப்பமிட்டு, தேதி போட்டேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவனின் பழக்கம் இது. வெற்று நகல் எவருக்கும் தந்ததில்லை. ஜாக்சனுடைய நகலின் மேல் பேனாவை வைத்தேன். எழுத வரவில்லை. "விடுங்க சார், டேட்டெல்லாம் எதுக்கு" என்று அவர் அப்படியே வாங்கிக்கொண்டார்.

5.3.2024, செவ்வாய்
தண்ணீர் காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும். குறித்துக்கொண்டேன்.

26.6.2024, புதன்
மருமகள் ஜாஸ்லின் கல்லாவியிலிருந்து அழைத்தாள். குழந்தையோடு தாய்வீட்டில் இருக்கிறாள்.

"மாமா, பென்ஷன் மனுவத் திருப்பி அனுப்பிட்டாங்க. அவரு வேலையில இருக்காராம். மார்ச் மாசம் ஓசூர்ல புதுசா சேந்திருக்காராம். பி.எஃப். கட்டிட்டு இருக்காங்களாம்."

"செத்துப்போனவரு எப்படி மாமா ஷிஃப்டுக்குப் போவாரு? பாப்பாவ ஸ்கூல்ல சேத்ததே இந்தப் பென்ஷன நம்பித்தான்."

விசாரிக்கிறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

மார்ச் மாதம். ஓசூர். மார்ச்சில் ஜாக்சனை ஓசூருக்கு அழைத்துவந்தவன் நான் ஒருவன்தான்.

1.7.2024, திங்கள்
மோகன்குமாரின் கடைப் பலகையை இன்றுதான் முழுவதும் படித்தேன். 'வீடு, மனை, வாடகை' என்பதற்குக் கீழே, 'கம்பெனிகளுக்கு ஆட்கள் அனுப்பப்படும்'.

கோப்பைத் திறந்து என் நகலைக் காட்டினார். "இதோ சார், உங்க கையெழுத்து, உங்க டேட்டு. யாராலயும் தொட முடியாது."

"மகனுடையது?"

"அது எங்கயாச்சும் போயிருக்கும்." பிறகு சிரித்தார். "பையன் வேலைக்குப் போறார்னா அப்பாவுக்கு நல்லதுதானே சார்!"

அவன் இறந்த விவரம் அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய இடம்தான். சொல்லவில்லை. வெளியே வந்து குடையை மறந்துவிட்டதை உணர்ந்து, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.

8.7.2024, திங்கள்
திருப்பி அனுப்பப்பட்ட மனுவில் கம்பெனியின் பெயர் இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அதன் வாசலுக்குப் போனேன். ஜாக்சனைப் பார்க்க வேண்டும் என்று காவலாளியிடம் சொன்னேன்.

"நீங்க யாருங்க?"

"அப்பா."

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஜாக்சா! ஏ ஜாக்சா! உங்கப்பா வந்திருக்காருப்பா!"

பேருந்துக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர் நின்று திரும்பினார். நரை கண்ட மீசை. கழுத்தில் அட்டை, அதில் அவருடைய படம், என் மகனின் பெயர்.

டீக்கடையில் அவரே பேசினார். "எம்பேரு மாதப்பனுங்க. நாட்றாம்பாளையம். நாப்பத்தி நாலு வயசு. முப்பத்தஞ்சுக்கு மேல ஆளு எடுக்கறதில்லீங்க. மோகன்குமாருதான் பேரு ஒண்ணு ஏற்பாடு பண்ணித் தரேன்னாரு. யாரோ வேலைய விட்டுப்போனவரு பேருன்னுதான் நெனச்சேன்."

டீயைக் குடிக்கவில்லை. ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல எல்லாம் ஜாக்சன்னு கூப்பிட்டா திரும்பமாட்டேனுங்க. லைன்ல கிண்டல் பண்ணுவாங்க, செவிடன்னு. இப்ப திரும்பிடறேன்."

அவன் இறந்துவிட்டான் என்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார்.

"புகார் குடுப்பீங்களா ஐயா?"

"கொடுக்க வேண்டும். என் மருமகளுக்குப் பென்ஷன் கிடைக்காமல் நிற்கிறது."

"குடுக்கணுந்தானுங்க" என்றார்.

15.7.2024, திங்கள்
காவல் நிலையத்துக்குப் போகவில்லை.

22.7.2024, திங்கள்
போகவில்லை. மழை என்று எழுதலாம். மழை இல்லை.

29.7.2024, திங்கள்
புகாரை மூன்று முறை எழுதினேன். 'என் மகன் ஜாக்சன் என்பவர்' வரை வருகிறது. அடுத்து, காலமான தேதி. அங்கே நிற்கிறது.

பதிவின்படி அவன் இன்றும் பணியில் இருக்கிறான். இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட். பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கம்பெனிப் பேருந்து ஜன்னலைக் கடந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன் — எதற்கு?

6.8.2024, செவ்வாய்
ஜாஸ்லின் அழைத்தாள். மாதப்பனைப் பார்த்ததைச் சொன்னேன். "யாருன்னு தெரிஞ்சு ஒரு மாசமாச்சா? ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல? ஜெராக்ஸ் குடுத்தது நீங்க, நீங்கதான எழுதிக் குடுக்கணும்?" அழவில்லை. "அவரு இல்லங்கறத நான் ஒருத்தியேதான் எல்லா ஆபீஸ்லயும் போய்ச் சொல்லிட்டு இருக்கேன், மாமா."

19.9.2024, வியாழன்
வாடகை கொடுக்கக் கீழே போனேன். நாராயணம்மா, "உங்க பையன் ஒரு நாளும் வரலியே சார்? அப்பனைப் பாக்க அவ்வளவு நேரமில்லையா?" என்றார்.

"அவன் இறந்துவிட்டான் அம்மா."

"ஐயோ தேவுடா. எப்ப?"

"போன வருடம். இதே தேதி."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். வீடு குடுத்திருப்பேனே" என்றார்.

20.9.2024, வெள்ளி
புகார் கொடுத்தேன். எழுதிய இளம் காவலர், "செத்தவங்க ஆதார எதுக்குங்க கையில வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் தொனி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பயன்படுத்தியவர் நகல் பெறப்பட்ட விதம் அறியாதவர் என்றும், தேதியிடாத நகலைத் தந்தவன் நான் என்றும் தனிப் பத்தியாகச் சேர்த்தேன். கையொப்பமிட்டேன். தேதி போட்டேன்.

18.10.2024, வெள்ளி
ஜாக்சனின் பெயர் பணியிலிருந்து நீக்கப்பட்டது. மோகன்குமாரின் கடை பூட்டிக் கிடக்கிறது. ஜாஸ்லினின் மனுவை இம்முறை வாங்கிக்கொண்டார்கள். "சரி மாமா" என்றாள். பிறகு, "சாப்டீங்களா?" என்றாள்.

2.11.2024, சனி
கல்லறைத் திருநாள். கிருஷ்ணகிரிக்குப் போனேன். ஜாஸ்லினும் குழந்தையும் வந்திருந்தார்கள். ஜாக்சனின் சிலுவையில், பிறந்த தேதிக்குக் கீழே காலியாக விட்டிருந்த இடத்தில் பெயின்டரை வைத்து எழுதச் செய்தேன். 19.9.2023. எழுத்து சற்றுச் சாய்ந்துவிட்டது. திருத்தச் சொல்லவில்லை.

மாலை ஓசூர் பேருந்து நிலையம். தளி பஸ்ஸிலிருந்து பூக்கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: "ஜாக்சா!"

தலையில் கூடையோடு மாதப்பன் திரும்பினார். நானும் திரும்பினேன்.