சேகரை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள்

7 ஜூலை, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன். ஸ்டூடியோவில் ஏர்கோன் வேறு பழுது.

கிள்ளான் பக்கத்து மேரு லோரிக் கும்பலைப் பற்றிய என் கொலைக் காமிக்ஸ், சிறுவர் கார்ட்டூன் ஆகிறது. இன்று வந்த திருத்தங்கள்:

– ரத்தம் வேண்டாம். தக்காளி சாஸ் சிந்தியதாகக் காட்டலாம்.
– பாராங் கத்தி வேண்டாம். குடை.
– துப்பறியும் நாய் வேண்டாம். பூனை. (பூனை மோப்பம் பிடிக்குமாம். கடவுளே.)
– கதாநாயகியின் அண்ணன் சாகக் கூடாது.

கடைசியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் சாகாவிட்டால் அவள் எதைத் துப்பறிவாள்? தயாரிப்பாளர் ஜெராட் அசையவில்லை.

"சின்னப் பிள்ளைங்க பாக்கிறது லா. சேகரை லண்டனுக்குப் படிக்க அனுப்பிடுங்க. முடிஞ்சிச்சு."

சேகர் என் சொந்த அண்ணன் பெயர். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தவனை மேருவில் லோரி அடித்துவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவன் இன்றுவரை அகப்படவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இந்தக் காமிக்ஸையே வரைந்தேன். அதில் தங்கை அந்த லோரிக்காரனைப் பிடித்துவிடுவாள். ஜெராட்டிடம் இதைச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

9 ஜூலை, புதன்

வசனம் மாற்றிக் கொடுத்தாயிற்று. "அண்ணன் லண்டன் போயிட்டான்."

கிள்ளானிலிருந்து அம்மா போன்.

"சேகர் எப்படி வர்றான் படத்துல?"

"நல்லா வர்றான்மா."

வேறென்ன சொல்ல. முட்டைக்கோஸ் வாங்க மறந்துவிட்டேன்.

11 ஜூலை, வெள்ளி

மழை. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்புக்கு முதல் பாகத்தின் மாதிரி வரைவைப் போட்டுக் காட்டினோம். பூனையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். (கடுப்பு.) பிறகு கதாநாயகி லண்டன் வசனம் பேசினாள். வகுப்பே கத்தியது.

"பொய் டீச்சர்! அவரு செத்துட்டாரு!"

"ஆமா, போட்டோவுக்கு மாலை போட்டிருக்கு!"

"சிவப்பு பல்பு கூட எரியுது!"

திரையைப் பார்த்தேன். ஹால் சுவரில் சேகர் படம், நெற்றியில் பொட்டு, மாலை, கீழே பல்பு. அந்தக் காட்சியில் வசனத்தை மட்டும்தான் மாற்றச் சொல்லியிருந்தோம். படம் வரைந்த சீனப் பையன் வெய் லுனுக்கு மாலை என்றால் அலங்காரம். இன்னும் ரெண்டு பூ சேர்த்து வைத்திருக்கிறான், பாவி. எனக்கும் உறைக்கவில்லை. அம்மா வீட்டு ஹாலில் போகும்போதெல்லாம் பார்க்கிற படம்தானே.

ஜெராட் பல்லைக் கடித்தார். "மாலையை எடுக்கச் சொல்லுங்க. இன்னிக்கே." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி இளித்தார். "அண்ணன் நல்லா இருக்காரு லா!"

ஒருத்தரும் நம்பவில்லை. இந்த வாண்டுகளா பயப்படுவார்கள் என்று நினைத்தோம்? எனக்குச் சிரிப்பு, கூடவே அழுகை. எழுந்து நின்றேன்.

"நீங்க சொன்னதுதான் சரி. அவரு செத்துட்டாரு."

ஜெராட் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளைகள் யாரும் அழவில்லை. முன் வரிசையில் ஒரு ரெட்டைச் சடைக்காரி மட்டும் கை தூக்கினாள்.

"கொன்னவனைப் பிடிச்சிட்டாங்களா ஆன்டி?"

பிடித்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா," என்றேன். "இன்னும் இல்ல."