விட்ட பந்துக்கு ஒரு கைதட்டல்

லீட்ஸ், ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜனீல் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? அம்மாவின் இருமல் நின்றதா?

வெள்ளிக்கிழமை தம்பி ரெனால்டோவின் இருபது ஓவர் ஆட்டம் இங்கே நடந்தது. போயிருந்தேன். பாட்டும் கூத்துமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. விலகிப் போன முதல் பந்தை அவன் மட்டையை உயர்த்தி அழகாக விட்டுவிட்டான். எல்லோரும் ஊளையிட்டார்கள். ஊளை ஓய்ந்தபோது, பார்படோஸில் நீங்கள் தட்டுவதுபோல, என்னை மறந்து நான் மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, அவன் பந்தைத் தொடவே இல்லியே, எதுக்குத் தட்டுற?" என்றார் பின்னாலிருந்தவர்.

"நல்லா விட்டான்," என்றேன்.

"விடுறதைப் பாக்கவா டிக்கெட் வாங்குனோம்?"

சுற்றிலும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பந்துக்குக் கண்மூடித்தனமாக மட்டையைச் சுழற்றி அவன் அவுட் ஆனான். ஐந்து நாள் ஆட்டமென்றால் இரண்டாம் இன்னிங்ஸ் இருந்திருக்கும். இதில் மறுவாய்ப்பே கிடையாது. மீதி ஆட்டங்களுக்கு அவனை எடுக்கவில்லை என்று நேற்று தெரிந்தது.

அன்று வெளியே வந்ததும், "யாரோ தட்டுனது கேட்டுச்சுக்கா. ஒரு நிமிஷம் அப்பாதான் வந்துட்டாரோன்னு நெனச்சேன்," என்றான்.

மிளகாய்ச் சாறு ஒரு குப்பி அனுப்புங்கள். இங்கே எதைத் தின்றாலும் ருசியில்லை. அம்மாவின் பழைய போர்வை ஒன்றும் இருந்தால் நல்லது. நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

தீவு அணியை விட்டு இந்த இருபது ஓவர் ஆட்டத்துக்கு வந்தவனோடு பேசமாட்டேன் என்றீர்கள். அவன் தொலைபேசி எண் மாறவில்லை, அப்பா.

உங்கள் மகள்,
ஜனீல்