மருந்துக்காரர் வந்த நாள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

தியான முகாமில் நலமாக இருப்பீர்கள். இங்கே இன்று காலை மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்தாகிவிட்டது.

ஒரு மாதமாக நீங்கள் ஒவ்வொரு பூச்சியையும் தாளில் ஏந்தி வெளியே விட்டீர்கள். அதற்குள் பாப்பாவின் கழுத்துத் தடிப்புகள் சீழ் பிடித்துவிட்டன. "புத்தர் சொன்னதை மீற மாட்டேன். நீ என்ன செஞ்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மருந்தடிக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்பினீர்கள்.

"சார் இல்லையாம்மா?" என்றார் மருந்துக்காரர். மருந்தடிக்கச் சம்மதம் என்று நானே கையெழுத்திட்டேன்.

கட்டில் இடுக்கிலிருந்து அவை குஞ்சுகளோடு வெளியே வந்து துடித்தன. எனக்கும் கொல்ல மனம் வராது என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

முட்டைகள் பொரியுமாம், பதினைந்தாம் நாள் மறுபடி அடிக்க வேண்டுமாம். அன்றைக்கு நீங்கள் வந்து மருந்துக்காரருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். வேண்டாமென்றால், அதைப் பாப்பாவின் கழுத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாப்பாவின் அம்மா