சோதித்தவர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கம்பெனி பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்குகளைப் புதிது என்று விற்கிறது. சந்தேகத்தில் கேட்கவில்லை, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். போனில் இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் "சாப்டியா? அம்மா கால் எப்படி இருக்கு?" என்று பேச்சைத் திருப்பிவிட்டாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா தினமும் துணி காயப்போட ஏறுகிறாள். கேட்டால், "படியெல்லாம் அவரா ஏறப்போறாரு?" என்கிறாள். வேறு கவலை இல்லை.

நான் வேலை பார்க்கும் கேம் சென்டரை நீ பார்த்ததில்லை. துணிக்கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத நீள அறை. பத்துக் கம்ப்யூட்டர். கேம்கள் வரவர ஊதிப்போய் இடம் போதவில்லை என்று முதலாளி பத்துப் புது டிஸ்க் வாங்கினார். உங்கள் கம்பெனியைச் சிபாரிசு செய்தது நான்தான். "எங்க அக்கா அங்கதான் சார் வேலை செய்றா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

மாட்டியதும் நன்றாகத்தான் ஓடின. கொஞ்ச நாளில் நான்காவது கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. ஆட்டம் தொடங்கிவிடும், ஆனால் களம் வந்து சேராது. சுவர், கதவு, மரம் எல்லாம் ஒவ்வொன்றாக, வேண்டாவெறுப்பாக வரும். அதில் ஆடும் கல்லூரிப் பையன் ஒருவன், "அண்ணே, நான் செத்தப்புறம்தான் செவுரே வருது" என்று சண்டைக்கு வந்தான். "அவசரப்படாத தம்பி, அடுத்த ஜென்மத்துல கதவும் வந்துடும்" என்றான் ஒட்டடைக்குச்சி. அவனை உனக்குத் தெரியும். என்னோடு வேலை செய்கிறவன், போன விடுமுறையில் நம் வீட்டு ஃபேனை ஸ்டூல் இல்லாமல் கழற்றியவன்.

முதலாளி அவனைத்தான் பிடித்தார். மெஷின்களில் எதையோ திருட்டுத்தனமாக ஏற்றி வெளியே சம்பாதிக்கிறான், அதனால்தான் இழுக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம், அவனுக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்பது. ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட, உண்மையில் எதனால் இழுக்கிறது என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை. ஃபேனில் அடைந்திருந்த தூசியை ஊதி எடுத்தேன். சூடு குறைந்தது, இழுப்பு குறையவில்லை. வைரஸ் தேடினேன், இல்லை. ஒட்டடைக்குச்சி எதையாவது ஏற்றியிருக்கிறானா என்றும் தேடினேன். ஒரு செஸ் கேம் இருந்தது, அதிலும் அவன் தோற்றுக்கொண்டிருந்தான். இழுக்கிற கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒரு நாள் ஓடிவிட்டுப் பழையபடி படுத்துக்கொண்டது.

அப்புறம்தான் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு கேமை ஓடவிட்டேன். பிராசஸர் சும்மா இருக்கிறது. மெமரி பாதி காலி. டிஸ்க் மட்டும் மூச்சு முட்டிக்கொண்டு நூற்றில் நிற்கிறது. ஒரே கவுன்ட்டரில் ஊரே வரிசையில் நிற்கிற மாதிரி, மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருக்கின்றன. அந்த டிஸ்க்கைக் கழற்றி ஒன்பதாவதில் போட்டேன், ஒன்பதாவதின் டிஸ்க்கை இங்கே போட்டேன். இப்போது நான்காவது பறக்கிறது, ஒன்பதாவது இழுக்கிறது. நோய் மெஷினில் இல்லை, டிஸ்க்கோடு நடந்து போகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பங்குபோடப் பக்கத்தில் ஒட்டடைக்குச்சி இல்லை.

திருப்புளியின் முனையை டிஸ்க்கில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டேன். டக், டக் என்று சத்தம். ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பி வந்து மறுபடி முயற்சி செய்கிற சத்தம் அது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால், ஓடிய நேரம் மிகக் குறைவு, பச்சைக் குழந்தை. கெட்டுப்போன இடங்களோ நூற்றுக்கணக்கில். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

அழிந்த ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். கண்காணிப்பு கேமரா படங்கள் வந்தன, அக்கா. ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் வாசல். மூலையில் தேதி, ஐந்து வருஷத்துக்கு முந்தையது. ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டு வருகிறாள், கேமராவை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறாள், மறுபடி துடைக்கிறாள். அடுத்த டிஸ்க்கில் கார் நிறுத்துமிடம். இரவு பகலாக நிற்காமல் கேமராவுக்கு உழைத்துத் தேய்ந்த டிஸ்க்குகள் இவை. யாரோ மேலோட்டமாக அழித்து, ஓடிய நேரத்தையும் பின்னுக்குத் தள்ளி, புது லேபிள் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

பத்து டிஸ்க்குகளும் வந்த உறைகளில் ஒரே ஸ்டிக்கர்: சோதித்தவர் 27. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இங்க எனக்குப் பேரே கெடையாதுடா, இருபத்தேழு, கைதி மாதிரி" என்று சிரித்தாயே.

எல்லாவற்றையும் முதலாளியிடம் காட்டினேன். அவர் உங்கள் கம்பெனிக்குப் புகார் அனுப்பி, வந்த பதிலை என் முன்னால் எடுத்துப் போட்டார். எங்கள் சோதனையாளர் 27 ஒவ்வொரு டிஸ்க்கும் புதியதென உறுதி செய்திருக்கிறார், உங்கள் ஊழியர் தவறாகக் கையாண்டதால் பழுதாகியிருக்கலாம் என்று இருந்தது. "படத்த எங்கேருந்தோ எறக்கிட்டு வந்து கதை விடுறியா? ஒங்கக்காவையே எழுதித் தரச் சொல்லு, அப்ப பாக்கலாம்" என்றார். ஒட்டடைக்குச்சிக்கு எதிரான சாட்சி இப்போது நீதான்.

வேறு இரண்டு சென்டர்களில் வேலை கேட்டிருக்கிறான். முதலாளிகள் ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுப் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது, வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். இப்போது ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி இறக்குகிறான். உனக்கு எழுதப்போகிறேன் என்றதும், "அக்காவ இதுல இழுக்காதடா, அவங்க வேலையும் போயிடும்" என்றான். வேலை போனவன் உன் வேலைக்காகப் பயப்படுகிறான்.

எனக்கும் பயம் இருக்கிறது. உன் சம்பளம் நின்றால் இந்த வீடு ஆடிப்போகும். உனக்குச் சோதிக்க நேரமே கொடுத்திருக்க மாட்டார்கள், ஸ்டிக்கர் கட்டைக் கையில் திணித்து ஒட்டு என்றிருப்பார்கள். சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்றிருப்பார். பழியை உன் நம்பர் மேல் போட்டுவிட்டு அவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் புரிகிறது. ஆனால் இதையெல்லாம் உனக்காக நானே கற்பனை செய்துகொண்டிருக்கிறேன். நீ ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எது வந்தாலும் நீ என் அக்காதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் பதில் எழுது. அவை பழையவை என்று உனக்குத் தெரியும் என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, முதலாளியிடம் நான் கொண்டுபோகிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது. அதை எனக்கு எழுத வேண்டாம், ஒட்டடைக்குச்சி பேருக்கு எழுது. அவன் விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது.

உன் தம்பி