கயிறு பிடித்தவன் சொன்ன சொல்

என் உயிரான மாப்ளை சூசைக்கு,

எல்லாவற்றையும் நான் அன்றைக்கே சொன்னேன். புதுத் துறைமுகம் வரும் என்றேன். இப்போது மலை மாதிரி கப்பல்கள் வந்து நிற்கின்றன. உன் மகள் புஷ்பம் டீச்சராவாள் என்று அவள் ஞானஸ்நானத்தன்றே சொன்னேன். வேம்பாரில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். ஐந்தாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன். கூட்டினால் பத்து. சும்மாவா?

அவள் சங்கதி ஒன்று கேள். பரீட்சையில், மழை நல்லதா கெட்டதா என்று ஒரு கேள்வி. புத்தகத்தில் நல்லது என்று இருக்கிறது. உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் கெட்டது என்று எழுதிவிட்டார்கள். மழை பெய்தால் உப்பு கரையும், அம்மாவுக்கு வேலை இல்லை, வீட்டில் அடுப்பு எரியாது. தப்புப் போடச் சொன்னார் பெரிய வாத்தியார். இவள் போடவில்லை.

"பிள்ளைக அதது நிக்கிற இடத்துல இருந்துதான சார் வானத்தப் பாக்கும்?" என்றாளாம். வாத்தியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. சரி, ஒரு நேரம் சாப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள், மீன் ஆய்ந்துகொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, திரேஸ்புரத்துல நீங்க சொல்லுத எதையாச்சும் யாராவது நம்புதாங்களா?"

"ஏளா, என்ன பேச்சு இது!"

"பெறவு அப்பா சொன்னதா நீங்க சொன்னத மட்டும் எப்படி ஊரே நம்புச்சு?"

உனக்குத் தெரியாதே. முத்துக் குளித்து மேலே வந்த நீ வள்ளத்திலேயே என் மடியில் கண்ணை மூடிவிட்டாய். அடுத்த மாதமே புஷ்பத்தை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தச் சொன்னார்கள். "தகப்பன் இல்லாத பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குலே? வலை பின்னட்டும்" என்றார் ஊர்ப் பெரியவர். என் தங்கச்சி ஞானம் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். நான் எழுந்தேன்.

"மாப்ள கடைசியா எங்கிட்ட சொன்னது ஒண்ணுதான். 'மச்சான், எம் புள்ளையப் படிக்க வையி.' காத்திரைச்சல்ல வேற யாருக்கும் கேக்கல."

பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புஷ்பம் ஆறாம் வகுப்புக்குப் போனாள்.

அவர்கள் ஏன் நம்பினார்கள் என்பதற்கு, அன்று மீன் ஆய்ந்தபடியே புஷ்பமே காரணமும் சொன்னாள். முத்துக் குளிக்கிறவனை மேலே இழுக்கும் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிக்கவேண்டும் என்பது நம் வழக்கம். விட்டால் அவன் தங்கச்சி தாலிதானே போகும்? அவளையும் பிள்ளைகளையும் அவன்தானே சுமக்கவேண்டும்?

"அந்தப் பயத்துல உண்டான நம்பிக்கை மாமா. கயிறு பிடிச்ச மச்சான் பொய் சொல்லுவான்னு நம்ம ஆளுகளுக்கு நெனைக்கவே தெரியாது."

நான் பல வருஷமாக மனதில் வைத்திருந்ததை அப்படியே சொல்லிவிட்டாள் மாப்ளை! என் மருமகள் அல்லவா?

பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பா நெசமாவே சொன்னாரா?"

எனக்கு இருமல் வந்தது. வேண்டுமென்றே வரவழைத்த இருமல்.

"ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலயும் அதைத்தான் மாமா நெனச்சுக்கிடுவேன்."

என்ன சொல்வேன்? அவள் நிற்கிற இடமே அந்த ஒரு வார்த்தைதானே? அதை நானே எப்படி உருவுவது? ஆனால் மழைக்குக்கூட உண்மையான பதிலைக் கேட்கிறவளிடம் இனியும் எத்தனை நாள் இருமுவது?

உன் நினைவு நாளுக்கு இந்தக் கடிதத்தைக் கோயில் மலரில் போடக் கொடுத்திருக்கிறேன். அச்சாகும் முன்னால் வேம்பார் பஸ் ஏறிப் போய், அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். சத்தியம். இந்த ஒரு தடவை எதையும் சேர்க்கமாட்டேன்.

படிப்பைப் பற்றி நீ பேசவே இல்லை. அது நான் கட்டிய கதை. உன்னை இழுத்த இழுப்பில் கயிறு என் உள்ளங்கையை உரித்திருந்தது. மூச்சு முட்டும்போதும் நீ அதைப் பார்த்தாய்.

"கையி ரொம்ப வலிக்கா மச்சான்?" என்றாய். நீ சொன்னது அவ்வளவுதான்.

உன் கயிறு பிடித்த மச்சான்,
சவரிமுத்து